டியூப் செய்யாத வேலைகள்

பக்கவாதம் வந்தவரை மூக்கு டியூபோடு வீட்டுக்கு அனுப்பும் நாளில், உடனிருப்பவருக்கு வார்டில் சொல்லித்தருவது பத்து நிமிடப் பாடம். சிரிஞ்சை மாட்ட வேண்டும், உயரப் பிடிக்க வேண்டும், கஞ்சியை ஊற்ற வேண்டும், தண்ணீர் விட்டு அலசி மூடியைப் போட வேண்டும். இரண்டு வேளை பக்கத்தில் நின்று செய்யவைத்தால் கை பழகிவிடும், பயமும் போய்விடும். ஆனால் இதை ஒரு பிசகும் இல்லாமல் செய்த வீடுகளிலிருந்தே, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் காய்ச்சலும் சளியும் மூச்சிரைப்புமாகத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெள்ளை படர்ந்திருக்கும், அதாவது நிமோனியா. விசாரித்தால் ஊற்றியதில் தவறு இருக்காது. ஊற்றி முடித்த பத்தாவது நிமிடம் கட்டிலைச் சமமாக இறக்கி டயப்பர் மாற்றியிருப்பார்கள். அல்லது, வாய்வழியாகத்தான் ஒன்றும் போகவில்லையே என்று நாலு நாளாக வாயைத் துடைக்காமல் விட்டிருப்பார்கள். அல்லது, "நாக்கு வறண்டு கிடக்கே, வெறும் தண்ணிதானே" என்று இரண்டு ஸ்பூன் வாயில் விட்டிருப்பார்கள்.

டியூப் ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறது. மூக்கிலிருந்து இரைப்பைவரை உணவைக் கொண்டுபோய் விடுகிறது. வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் அதன் இரண்டு வாசல்களும் அதுவரை சத்தமில்லாமல் செய்துவந்த மற்ற வேலைகள் எல்லாம் பாக்கி நிற்கின்றன. அவற்றைப் பராமரிப்பவரின் கைதான் செய்தாக வேண்டும். எந்த வேலை எதற்காக என்று தெரிந்துவிட்டால் வார்டில் சொன்ன விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை, தானாக நினைவில் நிற்கும்.

தொண்டை ஒரு முச்சந்தி. காற்று வரும் வழியும் சோறு வரும் வழியும் அங்கே ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. முன்புறம் மூச்சுக்குழாய், பின்புறம் உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் வாய் எப்போதும் திறந்திருக்கும்; உணவுக்குழாயின் மேல்வாசல் எப்போதும் இறுக மூடியிருக்கும். விழுங்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் இது தலைகீழாகிறது. நாக்கு கவளத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, உள்நாக்குப் பகுதி எழும்பி மூக்குப் பாதையை அடைக்கிறது, குரல்வளை மேலேயும் முன்னேயும் ஏறுகிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, குரல்வளை மூடி பின்னால் சாய்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது. குரல்வளை ஏறும் அதே இழுப்பில் உணவுக்குழாயின் மேல்வாசல் சுமார் அரை நொடி திறந்து மூடுகிறது. கழுத்தில் இரண்டு விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், அந்த முடிச்சு ஏறி இறங்குவது விரலுக்குத் தட்டுப்படும். முப்பதுக்குப் பக்கமான தசைகளும் ஐந்து ஜோடி மூளை நரம்புகளும், மூளையின் அடித்தண்டில் இருக்கும் முகுளத்தின் கட்டளைக்கு இந்த ஒரு நொடியில் வரிசை மாறாமல் இயங்க வேண்டும்.

அந்த வரிசையில் ஒரு கண்ணி பிசகினால் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிவிட்டுப் போகிறோமே, அந்த இருமல்தான் நுரையீரலின் காவல்காரன். பக்கவாதம் வந்த முதல் நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருமலும் வராது. தொண்டைக்கு உணர்ச்சி குறைந்துபோனதால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. "இருமவே இல்லையே, நல்லாத்தான் முழுங்கினார்" என்று குடும்பத்தார் சொல்வது பொய்யில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தண்ணீரைத்தான் நாம் ஆபத்தே இல்லாத பொருளாக நினைக்கிறோம். தாகத்தோடு கிடக்கும் அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணீர் மறுக்க எந்த மனசும் ஒப்பாது. ஆனால் மந்தமான தொண்டைக்கு இருப்பதிலேயே கடினமான உணவு தண்ணீர்தான். நாக்கில் உருண்டு நிற்காது, தொண்டை தயாராவதற்கு முன்பே வழிந்து இறங்கிவிடும். மூச்சுப்பாதை மூட அரை நொடி தாமதமானாலும் போதும். டாக்டரோ விழுங்கல் பயிற்சியாளரோ சோதித்துப் பார்த்து அனுமதிக்கும்வரை வாயில் ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். தாகத்துக்கு, ஒட்டப் பிழிந்த ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் ஒற்றி எடுக்கலாம்.

இப்போது டியூப். ரைல்ஸ் டியூப் என்று நாம் சொல்வது ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரால். இரைப்பை நீரைச் சோதிக்க எடுப்பதற்காக 1921-இல் அவர் ஒரு மெல்லிய குழாயை அறிமுகப்படுத்தினார். வெளியே எடுப்பதற்கென்று வந்த குழாய்தான் இன்று உள்ளே ஊற்றப் பயன்படுகிறது. பெரியவர்களுக்கு 14 அல்லது 16 ஃபிரெஞ்ச் அளவு போடுவார்கள். ஒரு ஃபிரெஞ்ச் என்றால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஆக 16 என்பது ஐந்தேகால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடிய தடிமன். நீளம் 105 செ.மீ. நுனி மூடியிருக்கும், அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் துளைகள் இருக்கும். நுனியிலிருந்து 50, 60, 70 செ.மீ. இடங்களில் கோடுகள் இருக்கும்.

எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை ஆளை வைத்தே அளக்கிறார்கள். மூக்கு நுனியிலிருந்து காது மடல்வரை, அங்கிருந்து நெஞ்செலும்பு முடியும் நெஞ்சுக்குழிவரை. பெரும்பாலோருக்கு இது 50-க்கும் 60-க்கும் இடையில் வரும். உள்ளே இருக்கும் தூரத்தைக் கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். முன்பல்லிலிருந்து உணவுக்குழாயின் மேல்வாசல் 15 செ.மீ., உணவுக்குழாயின் நீளம் 25 செ.மீ., ஆக 40-இல் இரைப்பையின் வாசல். மூக்கு வழி என்பதால் இன்னும் சில செ.மீ. கூடும். 55-இல் ஒட்டியிருந்தால் நுனியும் பக்கத்துளைகளும் இரைப்பைக்குள் தங்கும். அதே டியூப் பத்து செ.மீ. வெளியே வந்துவிட்டால் நுனி ஒருவேளை இரைப்பையில் இருக்கலாம், மேலே உள்ள துளை உணவுக்குழாய்க்குள் வந்திருக்கும். ஊற்றும் கஞ்சியில் ஒரு பங்கு நெஞ்சுக்குள்ளேயே கொட்டி, மேலே தொண்டைக்கு எதுக்களிக்கும்.

ஆகவே மூக்கு விளிம்பில் டியூப் எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கே பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, எண்ணைக் கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு வேளையும் ஊற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் அந்தக் கோடு. கோடு நகர்ந்திருந்தால் வீட்டில் யாரும் அதை உள்ளே தள்ளக்கூடாது. தள்ளும்போது அது தொண்டையில் சுருண்டுகொள்ளும், இல்லையென்றால் மூச்சுக்குழாய்க்குள் போகும். டியூப் போடுவதும் மாற்றுவதும் பயிற்சி பெற்றவர் வேலை. அவர்கள் நோயாளியை உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே குனியவைத்து, விழுங்கச் சொல்லி, அந்த அரை நொடி வாசல் திறக்கும் நேரத்தில் டியூபைக் கடத்துகிறார்கள். தலையை அண்ணாந்தால் மூச்சுக்குழாய்ப் பாதை நேராகிவிடும். விழுங்கத் தெரியாதவரிடம் இந்த ஒத்துழைப்பு கிடைக்காது என்பதால்தான் அவர்களுக்கு டியூப் தப்பிப்போகும் வாய்ப்பு கூடுதல். அப்படித் தப்பும்போது அது பெரும்பாலும் வலதுபக்கம் போகிறது. வலது மூச்சுக்கிளை இடதைவிட அகலம், செங்குத்தும் கூட.

சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சில் காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் வழக்கம் இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் அடித்த காற்றும், நுரையீரலின் அடிப்பகுதியில் அடித்த காற்றும் வயிற்றில் அதே குமிழிச் சத்தத்தைக் கொடுக்கும். பிரிட்டனில் 2005-லேயே இந்த முறையைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். டியூப் புதிதாகப் போட்டதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி. அன்றாடத்துக்கு, சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அதன் அமிலத்தன்மையைச் சோதிக்கலாம், பி.ஹெச். தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் அது இரைப்பை நீர். அமிலம் குறைக்கும் மாத்திரை போகிறவருக்கு எண் கூடுதலாகக் காட்டும். கஞ்சி ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாலும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் ஒரு வேளை உணவு தள்ளிப்போனால் பரவாயில்லை, சந்தேகத்தோடு ஊற்றக்கூடாது.

இரைப்பையின் வாசலைப் பற்றி நிறையப் பேர் யோசிப்பதில்லை. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் மூன்று நாலு செ.மீ. நீளத்துக்கு ஒரு தசைவளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் வெளியிலிருந்து கிள்ளிப் பிடிக்கிறது. நாம் விழுங்கும்போது மட்டும் அது தளர்ந்து வழிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். டியூப் போட்டவருக்கு அந்த வாசலின் நடுவே இருபத்துநாலு மணி நேரமும் ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பொருள் சொருகியிருக்கிறது. கதவிடுக்கில் குச்சி செருகியதுபோல. முழுசாக மூடாத அந்த வாசலுக்கு மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பு புவியீர்ப்பு. மல்லாந்து சமமாகப் படுத்தால் இரைப்பையின் மேல்பகுதிதான் முதுகுப்பக்கம் தாழ்வான இடமாகிவிடுகிறது. ஊற்றிய கஞ்சி எல்லாம் வாசலுக்குப் பக்கத்திலேயே தேங்கும். அதன்பின் ஒரு இருமல் போதும்.

கட்டிலின் தலைப்பக்கத்தை 30-லிருந்து 45 டிகிரி உயர்த்தச் சொல்வது இதற்காகத்தான். இதில் வீடுகளில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. தலைக்கடியில் மூன்று தலையணையை அடுக்குவார்கள். அப்போது கழுத்து மட்டும் மடங்குகிறது, முதுகு சமமாகவே கிடக்கிறது. அரை மணியில் உடம்பு சரிந்து, வயிறு மடிந்து, இரைப்பையை மேல்நோக்கி அமுக்கும். அது படுக்கவைப்பதைவிட மோசம். மடிப்பு இடுப்பில் விழ வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லாத வீட்டில், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கலாம், அதோடு இடுப்பிலிருந்து ஏறும் சாய்வுமெத்தையும் வைக்கலாம். முழங்காலுக்கடியில் ஒரு சுருட்டிய போர்வை வைத்தால் உடம்பு கீழே வழுக்காது. முடிந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுப்பதே நல்லது. கொடுத்து முடித்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

வேலைகளின் வரிசையையும் இதை வைத்தே அமையுங்கள். டயப்பர் மாற்றுவது, உடம்பு துடைப்பது, முதுகில் தட்டி சளி எடுப்பது, பிசியோதெரபி எல்லாம் கஞ்சிக்கு முன்னால். பின்னால் ஒன்றும் கூடாது. நடுவில் மலம் கழித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஊற்றுவதை நிறுத்தி, டியூபை மூடி, சமமாகப் படுக்கவைக்காமல் இடதுபக்கமாகத் திருப்பித் துடைத்துவிடுங்கள்.

ஊற்றும் வேகத்துக்கும் உள்ளே ஒரு காரணம் இருக்கிறது. வாயால் சாப்பிடும்போது, ஒவ்வொரு விழுங்கலுக்கும் மூளை முன்கூட்டியே தகவல் அனுப்பி இரைப்பையின் மேல்பகுதியைத் தளர்த்திவைக்கிறது. வெறும் வயிற்றில் 50 மில்லி அளவே கொள்ளும் சுருங்கிய பை, அழுத்தம் ஏறாமலேயே ஒரு லிட்டருக்கு மேல் வாங்கிக்கொள்வது இப்படித்தான். டியூபில் விழுங்கலே இல்லாததால் அந்த முன்தகவல் போவதில்லை. பை நீட்டப்பட்ட பிறகே தளர ஆரம்பிக்கும், அதற்கு நேரம் வேண்டும். 250 மில்லியை இரண்டு நிமிடத்தில் பிஸ்டனால் தள்ளினால் அது வாசலை நோக்கித் திரும்பத்தான் செய்யும். சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, இரைப்பை மட்டத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் பிடித்து, தன் எடையிலேயே இறங்கவிடுங்கள். 15-லிருந்து 20 நிமிடம் ஆகட்டும். கை வலித்தால் வேகத்தைக் கூட்ட வேண்டாம், டியூபைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு ஓய்வு எடுக்கலாம். சிரிஞ்ச் முழுதாகக் காலியாவதற்குள் அடுத்ததை ஊற்றினால் காற்று உள்ளே போகாது. காற்று போனால் வயிறு உப்பும், ஏப்பத்தோடு கஞ்சியும் மேலே வரும்.

இடைவெளி எவ்வளவு? இரைப்பை சத்தைப் பார்த்து வேலை செய்கிறது. வெறும் தண்ணீர் என்றால் இருபது நிமிடத்தில் பாதி காலி. சத்துள்ள திரவத்தை அது முன்சிறுகுடலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 கலோரி வீதம்தான் விடுகிறது. கொழுப்பு கூடினால் முன்சிறுகுடல் சிக்னல் கொடுத்து இன்னும் மெதுவாக்கும். 250 கலோரி உள்ள ஒரு வேளைக் கஞ்சிக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று வருகிறதா? ஆகவே மூன்று மணிக்கு ஒரு முறை. காலை 6, 9, பகல் 12, 3, மாலை 6, இரவு 9 என்று ஆறு வேளை வைத்தால் இரவில் இரைப்பையும் ஓய்வெடுக்கும், வீட்டில் இருப்பவரும் தூங்கலாம். பல வருடச் சர்க்கரை நோயாளிக்கு இரைப்பை நரம்பே மந்தமாகியிருக்கலாம். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகளும் மந்தமாக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு ஊற்றுவதற்கு முன் உறிஞ்சிப் பாருங்கள். 200 மில்லிக்குப் பக்கமாகப் பழைய கஞ்சி திரும்ப வந்தால், எடுத்ததை உள்ளேயே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அதில் அமிலமும் உப்புகளும் இருக்கின்றன, கொட்டக்கூடாது. மறுபடியும் அதே அளவு நின்றாலோ, காபித்தூள் நிறத்திலோ ரத்தமாகவோ வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

இனி கஞ்சி. இதில் நடக்கும் தவறு ஆளைச் சத்தமில்லாமல் மெலியவைக்கும் என்பதால் கணக்காகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்குக் கிலோவுக்கு 25-30 கலோரி வீதம் 1500-லிருந்து 1800 கலோரி வேண்டும். டியூப் அடைக்காமல் இருக்க வேண்டுமே என்று வீட்டில் 250 மில்லி தண்ணீரில் 30 கிராம் அரிசிமாவைக் கரைத்துக் காய்ச்சி வடிகட்டி ஊற்றுவார்கள். அதில் இருப்பது சுமார் 105 கலோரி. ஆறு வேளைக்கும் சேர்த்து 630. மூன்று மணிக்கு ஒரு தடவை தவறாமல் சாப்பாடு போகிறது, ஆள் பாதிப் பட்டினியில் கிடக்கிறார். முதுகுப்புண் ஆறாததற்கும், சளியை இருமித் துப்பப் பலம் இல்லாததற்கும் இது பெரிய காரணம். பருப்புத்தண்ணீர், காய்கறி சூப், இளநீர் எல்லாமே இந்த வகைதான். வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது.

30 கிராம் சத்துமாவில் 115 கலோரி, 100 மில்லி பாலில் 65, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 45, இரண்டு டீஸ்பூன் சர்க்கரையில் 40. கூட்டினால் 265. இதை 250 மில்லிக்குள் அடக்கினால் மில்லிக்கு ஒரு கலோரி என்ற கணக்குக்கு வந்துவிடும். ஆறு வேளைக்கு 1590. புரதம் மட்டும் குறையும். வேகவைத்த முட்டை வெள்ளையையோ குழைய வெந்த பாசிப்பருப்பையோ இரண்டு வேளையில் சேர்த்து அரைக்கலாம். பச்சை முட்டை வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்குங்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சடாரென்று இறங்கிவிடும்.

இவ்வளவு மாவைப் போட்டால் கஞ்சி களியாகிவிடுமே, டியூபில் எப்படி இறங்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்கு நம் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. முளைகட்டிய கேழ்வரகை நிழலில் உலர்த்தி வறுக்காமல் அரைத்த மாவு. முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி, அதாவது நம் எச்சிலில் இருக்கும் அதே வகை, ஏராளமாக ஊறியிருக்கும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, கொதி அடங்கி ஆவி பறக்கும் சூட்டில் இருக்கும்போது இந்த மாவில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். பத்து நிமிடத்தில் கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த களி, மோர்போல இளகி வடியும். பிறகு ஒரு கொதி விட்டு ஆறவைத்து, டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளலாம். கொதிக்கும்போதே போட்டால் நொதி செத்துவிடும். வறுத்த மாவிலும் இது நடக்காது. எச்சிலோடு மெல்வதைத் தொலைத்தவருக்கு அந்த வேலையை அடுப்பிலேயே செய்து கொடுக்கிறோம். மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாவதால், நீரிழிவு உள்ளவருக்கு டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

காய்ச்சிய கஞ்சி வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஃபிரிட்ஜில் வைத்தது அன்றைக்கு மட்டும். ஊற்றும்போது உடம்புச் சூடு போதும். வாயில் வைத்துச் சூடு பார்க்க அவரால் முடியாது, நம் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே வழி. கடையில் வாங்கும் ஃபார்முலா பவுடர் விலை கூட என்று அளவு ஸ்பூனைப் பாதியாக்கிக் கரைக்கிறார்கள். அதுவும் அரிசிக் கஞ்சிக் கதைதான்.

டியூப் அடைப்பதற்கு முக்கியக் காரணம் கெட்டி மட்டும் இல்லை. பால். பி.ஹெச். 4.6-க்குப் பக்கம் இறங்கினால் பால் திரிந்துவிடும், எலுமிச்சை பிழிந்ததுபோல. உறிஞ்சிப் பார்த்தபோது டியூபுக்குள் ஏறிய இரைப்பை அமிலம் அங்கேயே நிற்கும். அதன் தலையில் பால்கஞ்சியை ஊற்றினால் குழாய்க்குள்ளேயே கட்டி விழும். எனவே முன்னால் 30 மில்லி தண்ணீர், பின்னால் 30 மில்லி தண்ணீர். ஆறு வேளைக்கு இது 360 மில்லி. கஞ்சியோடு சேர்த்தால் 1860 மில்லி, ஒரு நாளைக்கு வேண்டிய நீரில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். வெயில் காலத்திலும் காய்ச்சலிலும் கூட்டிக்கொள்ளலாம். பழச்சாறு தனி வேளை, பால் தனி வேளை. அடைத்துவிட்டால் 50 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி, கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி முயலுங்கள். சின்ன சிரிஞ்ச் அதிக அழுத்தம் கொடுக்கும், டியூப் கிழியும். கோலா ஊற்றினால் அதன் அமிலம் புரதத்தை இன்னும் உறையவைக்கும். கம்பி நுழைப்பது இரைப்பையையே குத்திவிடும்.

மாத்திரைகளில் கவனிக்க வேண்டியது, சில மாத்திரைகள் தொண்டையைத் தாண்டிய பிறகும் பாதையை நம்பி இருப்பவை. பான்டோபிரசோல் போன்றவற்றுக்குப் போட்டிருக்கும் மேல்பூச்சு, இரைப்பை அமிலத்தில் கரையாமல் முன்சிறுகுடல்வரை மருந்தைக் காப்பாற்றிக் கொண்டுபோக. அதை இடித்துப் போட்டால் மருந்து அமிலத்தில் அழியும், பூச்சுத் துணுக்குகள் டியூபை அடைக்கும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. இடித்தால் நாள் முழுதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் ஏறிவிடும். டியூப் நோயாளி என்று சொல்லி மாற்று வாங்குங்கள். இடிக்கக்கூடியதைத் தனித்தனியாகப் பொடித்து, தனித்தனியாகக் கரைத்து, நடுவே 10 மில்லி தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும். கஞ்சியில் கலந்துவிடக்கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் கஞ்சியோடு சேர்ந்தால் ரத்தத்தில் சரியாக ஏறாது. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் உணவு விலக்கி வைக்கச் சொல்வார்கள்.

வாயைப் பற்றி இன்னும் பேசவில்லை. இருப்பதிலேயே அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான், இதை மட்டும் கவனித்தாலே நிமோனியா குறையும் என்றுகூடச் சொல்லத் தோன்றும். நமக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் எச்சில் சுரக்கிறது. விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். எச்சில் பல்லையும் நாக்கையும் கழுவிச் செல்லும் ஆறு. மெல்லாத வாயில் அந்த ஆறு வற்றுகிறது. வாயைத் திறந்தே மூச்சு விடுபவருக்கு இன்னும் சீக்கிரம் வற்றும். கிருமி பெருகும். டியூப் உணவைத்தான் திசைதிருப்புகிறது, எச்சிலை இல்லை. கிருமி நிறைந்த அந்தக் கெட்டி எச்சில் விழுங்கத் தெரியாத தொண்டை வழியே இரவெல்லாம் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்குகிறது. ஒரு சொட்டுக் கஞ்சி எதுக்களிக்காமலேயே நிமோனியா வருவது இப்படி.

டார்ச் அடித்து மேலண்ணத்தைப் பாருங்கள். சில நாள் கவனிக்காத வாயில் அங்கே பழுப்பாக ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும், காய்ந்த வெங்காயத் தோல்போல. அது சளியும் உதிர்ந்த தோலும் எச்சிலும் காய்ந்து உண்டானது. உலர்ந்தபடியே பிய்த்தால் ரத்தம் வரும். துண்டாக உடைந்து உள்ளே விழுந்தால் தொண்டையை அடைக்கும். காஸ் துணியைத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து, அந்த இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வையுங்கள். ஓரம் இளகியதும் பின்னாலிருந்து முன்னால் உருட்டி எடுத்தால் முழுசாக வந்துவிடும். பிறகு சின்னப் பிள்ளைகளின் மெல்லிய பிரஷ்ஷில் பட்டாணி அளவுகூட இல்லாத பேஸ்ட். ஆளைப் பக்கவாட்டில் திருப்பி, கீழ்க்கன்னத்தில் துணி வைத்து, பல், ஈறு, நாக்கு, வாதம் வந்த பக்கக் கன்னத்தின் உள்பக்கம். அந்தக் கன்னத்துக்கு உணர்ச்சி இல்லாததால் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். கொப்பளிக்க முடியாதவர் என்பதால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தே எடுக்க வேண்டும். காலை, இரவு இரண்டு வேளை பிரஷ், நடுவில் இரண்டு முறை ஈரத்துணி. முடித்ததும் உதட்டில் தேங்காயெண்ணெய் பூசலாம். வெண்மையாகத் திட்டுத்திட்டாக ஒட்டி, துடைத்தால் சிவந்த புண் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று, மருந்து வேண்டும்.

இந்த வாய் சுத்தத்தைக் கஞ்சிக்கு சற்று முன்னால் வைத்துக்கொள்வதில் இன்னொரு பலன் உண்டு. உணவின் வாசனையும் ருசியும் நாக்கின் அசைவும்தான் இரைப்பைக்கு முதல் அழைப்பு. ஒரு வேளைக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, உணவு இரைப்பையைத் தொடுவதற்கு முன்பே மூளையின் தூண்டுதலால் சுரப்பது. டியூபில் அந்த அழைப்பு போவதில்லை. வாயைத் துடைத்து, "சாப்பாட்டு நேரம், இன்னைக்குப் பால்கஞ்சி" என்று சொல்லி, கிண்ணத்தை அவர் பார்க்கும்படி வைத்து, வீட்டார் சாப்பிடும் நேரத்தில் அவருக்கும் கொடுங்கள். நினைவு இருக்கிறவருக்கு இது மனசுக்கும் வேண்டியிருக்கிறது.

மூக்கில் பிளாஸ்திரியைத் தினமும் மாற்றி, ஒட்டும் இடத்தைச் சற்று நகர்த்துங்கள். டியூப் மூக்கு விளிம்பை மேல்நோக்கி இழுத்தபடி இருந்தால் நாலைந்து நாளில் புண்ணாகிவிடும். பி.வி.சி. டியூப் அமிலத்தில் ஊறி ஒன்றிரண்டு வாரத்தில் விறைத்துப்போகும். சிலிக்கான், பாலியூரிதேன் வகை நாலு முதல் ஆறு வாரம் தாங்கும். எது போட்டிருக்கிறது, எப்போது மாற்ற வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாலு வாரத்தைத் தாண்டியும் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றில் நேரடியாகப் போடும் பெக் டியூப் பற்றி டாக்டரிடம் பேசலாம். கிளீவ்லாண்டில் கௌடரர், பொன்ஸ்கி என்ற இருவர் எண்டோஸ்கோப் உதவியோடு அதைப் போடும் முறையை 1980-இல் வெளியிட்டார்கள். தொண்டையும் இரைப்பை வாசலும் விடுதலையாகும். எச்சில் இறங்கும் சிக்கல் மட்டும் அதிலும் அப்படியே இருக்கும்.

பக்கவாதம் வந்தவர்களில் நிறையப் பேருக்குச் சில வாரத்தில் விழுங்கும் திறன் திரும்பிவிடுகிறது. எச்சில் வாயோரம் வழிவது நிற்கும், குரல் தெளியும், தானாக இருமித் துப்புவார். இதைப் பார்த்ததும் விழுங்கல் சோதனைக்கு அழைத்துப் போங்கள். வாய்வழி ஆரம்பிக்கும்போது முதலில் தருவது தண்ணீர் இல்லை; கெட்டித் தயிர், மசித்த வாழைப்பழம், குழைந்த கூழ் போன்று நாக்கில் உருண்டு நிற்கும் பொருள். நேராக உட்காரவைத்து, அரை டீஸ்பூன் அளவு, வாதம் வராத பக்கக் கன்னத்தில். தாடையைக் குனிந்து விழுங்கச் சொல்லுங்கள். முடிச்சு ஏறி இறங்கியதா என்று கழுத்தைப் பாருங்கள். பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கொழகொழவென்று கேட்டால் குரல்நாண் மேல் உணவு நிற்கிறது. இருமச் சொல்லி, மறுபடி வெறுமனே விழுங்கவைத்து, அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

டியூபை உடனே எடுத்துவிட மாட்டார்கள். ஒரு நாளைய தேவையில் முக்கால்வாசியை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாயால் சாப்பிட்டு, காய்ச்சலோ சளியோ கூடாமல் இருந்தால் எடுப்பார்கள். எடுக்கும்போது டியூபில் மிச்சமிருக்கும் நீரைக் கொஞ்சம் காற்றடித்து இரைப்பைக்குள் தள்ளிவிட்டு, டியூபை இறுகக் கிள்ளிப் பிடித்து, மூச்சை அடக்கச் சொல்லி, ஒரே சீராக வெளியே இழுக்கிறார்கள். கிள்ளாமல் இழுத்தால் நுனியில் நிற்கும் நீர் குரல்வளையைக் கடக்கும்போது உள்ளே சொட்டிவிடும். எடுத்த பிறகும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கட்டும், கன்னத்துக்குள் விரலை விட்டுப் பருக்கை ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.